செபத்தில் அழுகை வந்தால், மகிழ்ச்சி வந்தால், ஒன்றுமே வராவிட்டால்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

விசுவாச வாழ்க்கையை இப்போதுதான் தொடங்கியவர்களும், பல வருடம் பூசைக்கு மட்டும் போய்வந்துவிட்டு இப்போதுதான் தனியாகச் செபிக்க உட்காருகிறவர்களும் முதல் சில மாதங்களில் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "போன மாசம் செபிக்க இருந்தாலே மனம் நிறைஞ்சிருந்தது அக்கா, இப்ப ஒண்டுமே வருதில்ல. நான் ஏதும் பிழை விட்டுட்டனா?" வேறு சிலர் மறுபக்கத்திலிருந்து கேட்பார்கள்: "செபிக்கப் போனா அழுகைதான் வருது. எனக்கு விசுவாசம் இல்லையோ?"

திருகோணமலையில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பெந்தகொஸ்தே சபையினரும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கிறோம். அதனால் பதிலும் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் "அழாதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்பார்கள். அடுத்த வீட்டில் "ஆண்டவர் தந்த சிலுவை, பொறுத்துக்கொள்" என்பார்கள். இரண்டுமே கேட்கிறவரை வாயடைக்க வைக்கும் பதில்கள். துக்கத்தையும் மகிழ்ச்சியையும் என்ன செய்வது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: வந்தது துக்கமா மகிழ்ச்சியா என்று பார்த்து மார்க் போடாதீர்கள். அது உங்களை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பாருங்கள். கீழே உள்ளவை அதைப் பார்க்கப் பழகும் வழிகள்.

முதலில் இறக்கி வைக்க வேண்டியவை

துக்கம் என்றால் கடவுள் கோபமாயிருக்கிறார், மகிழ்ச்சி என்றால் அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது. இந்தக் கணக்கை முதலில் விடுங்கள். யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் இயேசு லாசருவை எழுப்பத்தான் போகிறார், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார். செத்த வீட்டில் உட்கார்ந்து "விசுவாசிகள் அழக்கூடாது" என்று புத்தி சொல்கிறவர்கள் இந்த இடத்தை வாசித்துவிட்டு வருவது நல்லது.

இதற்கு எதிரான பிழையும் இருக்கிறது. வேதனை எதுவானாலும் அது பரிசுத்தம் என்று நினைப்பது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைச் சகித்துக்கொண்டிருப்பதைச் "சிலுவை" என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆன்மிகமல்ல. அந்தப் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும். செபம், தியானம் எல்லாம் அதற்கு அப்புறம்.

உடம்பைப் பாருங்கள்

1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச் செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும், என்னை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறார். தூதன் இரண்டாம் தரமும் சாப்பிடத்தான் கொடுக்கிறான். கடவுளோடு பேச்சு வருவது அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேப் மலையில்.

ஆகையால் மனம் வறண்டுபோயிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்பது நித்திரை, சாப்பாடு, மருந்து ஆகிய மூன்றைத்தான். இரவு வேலை செய்துவிட்டு விடியற்காலை செபத்தில் தூங்கிவிழுகிறவருக்கு ஆன்மிகப் பிரச்சினை இல்லை, நித்திரைதான் இல்லை. வாரக்கணக்கில் நித்திரையும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். மாத்திரை எடுத்தால் விசுவாசம் குறைந்துவிடும் என்று சொல்கிறவர் பேச்சை, அவர் யாராயிருந்தாலும், கேட்காதீர்கள்.

துக்கத்தை வகை பிரியுங்கள்

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். எல்லாத் துக்கமும் உள்ளே இருக்கும்போது ஒரே மாதிரித்தான் கனக்கும். ஆனால் ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் புண் பெருக்கும்.

இழப்பின் துக்கம் ஒன்று. எங்கள் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. போரில் போனவர்கள், போய் வராதவர்கள், 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் கொண்டுபோனவர்கள் என்று கணக்கு நீளம். இந்தத் துக்கத்தில் பாவமும் இல்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கவும் ஒன்றுமில்லை. 31ஆம் நாள் பூசை முடிந்ததும் இதுவும் முடிந்துவிட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. இதற்குத் தேவை காலமும், கூட இருக்கிற ஆட்களும், புலம்புவதற்கு ஓர் இடமும்.

பாவத்துக்காக வருகிற துக்கம் இன்னொன்று. உத்தம மனஸ்தாப மந்திரத்தில் நாம் கேட்பது இதைத்தான். பவுல் 2 கொரிந்தியர் 7:10இல் தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று இதை இரண்டாகப் பிரிக்கிறார். முதலாவது மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும், இரண்டாவது மரணத்துக்குக் கொண்டுபோகும். இதற்கு உதாரணம் பெரிய வியாழன் இரவிலேயே இருக்கிறது. பேதுருவும் யூதாசும் ஒரே இரவில், ஒரே ஆளுக்குத் துரோகம் செய்தார்கள். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் காசைக்கூடத் திருப்பிக் கொடுத்தான், பேதுரு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பேதுருவின் அழுகை அவரை மறுபடியும் மற்றச் சீடர்களுக்குள் கொண்டுபோய் விட்டது. யூதாசின் துக்கம் அவனைத் தனியே கொண்டுபோனது. தன்னைத் தனியாக்குகிற துக்கத்தைக் கண்டால் உசாராகுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற்ற பிறகும் அதே பாவத்தைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பது தாழ்மை மாதிரித் தெரியும். அது தாழ்மையே இல்லை.

மூன்றாவது வறட்சி. காரணம் ஒன்றும் பிடிபடாது. செபம் சுவைக்காது, பைபிள் வெறும் எழுத்தாகத் தெரியும், கோயிலில் உட்கார்ந்தால் விசிறிச் சத்தம்தான் கேட்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாலாவது, சும்மா சுயஇரக்கம். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று தொடங்கும். இதற்கு நல்ல மருந்து அடுத்த வீட்டு நோயாளியைப் போய்ப் பார்ப்பது. வேறு விளக்கம் தேவையில்லை.

இரவில் பத்து நிமிடம், ஒரு கொப்பி

இந்தப் பழக்கத்தைக் கற்றுத்தந்தவர் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். எங்கள் மறைமாவட்டத்துக்கு அவர் அந்நியரல்ல. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபின் முதல் ஆயராக வந்த சார்ள்ஸ் லவீஞ் இயேசு சபைக் குரு. புனித சூசையப்பர் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் அந்தச் சபையின் குருக்களைத் தெரிந்திருக்கும். 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார் இஞ்ஞாசியார். பொழுது போக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் இருந்தது இயேசுவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் சரித்திரமும்தான். பெரிய வீரனாகி ஒரு சீமாட்டியின் மனதை வெல்வதாக நினைத்துக் கனவு கண்டால் அப்போதைக்கு இனிக்கும், பிறகு வெறுமையாகிவிடும். புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்குப் போவதை நினைத்தாலும் இனிக்கும், ஆனால் அந்த இனிப்பு பிறகும் நிற்கும். இரண்டுமே மகிழ்ச்சிதான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதுதான் அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. பிற்பாடு அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகளின் விதிகளெல்லாம் இந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தவை. இன்னொரு விஷயம்: ஆறுதல் என்று அவர் எண்ணுகிற பட்டியலில், தன் பாவங்களை நினைத்தோ கிறிஸ்துவின் பாடுகளை நினைத்தோ வருகிற கண்ணீரும் இருக்கிறது. அவர் கணக்கில் அழுகை ஆறுதலாகவும் இருக்க முடியும்.

செய்முறை எளிது. டச் பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு செய்ய முடியாது, சனம் கூட. வீட்டு விறாந்தையில், எல்லாரும் படுத்தபின், ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். அன்றைக்குக் கிடைத்த ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். பரிசுத்த ஆவியிடம் வெளிச்சம் கேளுங்கள். பிறகு காலையிலிருந்து நாளை ஓடவிட்டு, மனம் லேசான ஓர் இடத்தையும் கனத்த ஓர் இடத்தையும் பிடியுங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன்? இரண்டு வரி எழுதிவிட்டு, நாளைக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டுப் படுங்கள்.

இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். லேசு: மத்தியானம் மச்சாள் பாரைமீன் குழம்பு கொண்டுவந்தா, கொஞ்ச நேரம் இருந்து கதைச்சம். பின்னேரம் மாமியோட எரிச்சல் இல்லாமக் கதைக்க ஏலுமாயிருந்தது. கனம்: தம்பி கனடாவில இருந்து எடுத்தான், காணிக் கதை. பிறகு பிள்ளைகள்ல பாய்ஞ்சன். செபமாலை சொல்லேல்ல."

இதில் பெரிய வெளிப்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் சில வாரம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் காணிக் கதை வந்த நாளெல்லாம் செபமாலை விடுபட்டிருப்பது தெரியும். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு, தம்பியோடு இன்னும் தீராத கோபம் ஒன்று இருப்பது தெரியவரும். அதற்குச் செய்ய வேண்டியது வேறு. மச்சாள் வந்த நாளின் மகிழ்ச்சி மாமிவரைக்கும் போயிருப்பதையும் கவனியுங்கள். கடவுள் தருகிற மகிழ்ச்சி பெரும்பாலும் இப்படித்தான், பக்கத்து ஆள்மேலும் கொஞ்சம் சிந்தும்.

எழுத்து வராதவர்களுக்குச் செபமாலை போதும். அதில் இயேசு, மரியா வாழ்க்கையின் நிகழ்வுகளை, மறைபொருள்கள் என்று, நாளுக்கொரு தொகுதியாகத் தியானிக்கிறோம்: திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, 2002இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள்கள் வியாழனுக்கு. உங்கள் மனநிலையைக் கேட்டு அது மாறாது. சந்தோஷமான வெள்ளிக்கிழமையிலும் கெத்சமனேயில் நிற்க வைக்கும், அழுதுகொண்டு வந்த சனிக்கிழமையிலும் எலிசபெத் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

வறட்சி வந்தால்

இஞ்ஞாசியாரின் விதிகளில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்: வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதீர்கள். வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலை மீனவர் வலை பொத்துவார், வள்ளத்தை விற்கமாட்டார். செபக் குழுவை விட்டுவிடலாமா, சபை மாறலாமா, இந்தக் கலியாணப் பேச்சை முறித்துவிடலாமா என்ற கேள்விகள் வறட்சியில்தான் மும்முரமாக வரும். கொப்பியில் எழுதி வையுங்கள், பதில் இப்போது வேண்டாம்.

இரண்டாவது, முடிவை மாற்றாதீர்கள் என்றாரே தவிர சும்மா இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. வறட்சி "போதும், எழும்பு" என்று சொல்லும்போது இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக இருக்கச் சொன்னார். அரை மணித்தியாலம் செபிக்கத் தீர்மானித்திருந்தால் இருபத்தைந்தாவது நிமிடத்தில் எழும்பாதீர்கள், முப்பத்தொன்று வரை இருங்கள். சின்ன விஷயம்தான், செய்து பாருங்கள்.

காரணத்தையும் தேடச் சொன்னார். மூன்று காரணம் காட்டினார்: நம் அசட்டை, அல்லது ஆறுதல் இல்லாமலும் நிற்போமா என்று நம்மைச் சோதிப்பது, அல்லது ஆறுதல் நம் கெட்டித்தனத்தால் வருவதல்ல, கொடை என்று நமக்குப் புரியவைப்பது. முதலாவது என்றால் திருத்தலாம். மற்ற இரண்டும் என்றால் பொறுத்திருப்பதுதான் வேலை. புதியவர்கள் எல்லாவற்றையும் முதலாவதில் போட்டுத் தங்களையே அடித்துக்கொள்கிறார்கள்.

இது ஆழ்ந்த இருளாக, வெகுகாலம் நீண்டால், ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவி சிலுவை யோவானிடம் போகலாம். 1577 டிசம்பரில் சொந்தச் சபைத் துறவிகளே அவரைப் பிடித்துத் தொலேதோவில் அடைத்து வைத்தார்கள். அடுத்த ஆகஸ்டில்தான் தப்பி வெளியே வந்தார். இருளைப் பற்றி அவர் எழுதியதை வாசிக்கும்போது அந்த அறையும் ஞாபகத்தில் இருக்கட்டும். வறட்சி கடவுளிடமிருந்து வருவதற்கு அவர் மூன்று அடையாளம் சொல்கிறார். கடவுள் காரியத்தில் மட்டுமல்ல, உலகக் காரியத்திலும் சுவை இராது. ஆனாலும் கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை மனதை அரித்துக்கொண்டிருக்கும். முன்னைப் போல யோசித்துத் தியானிக்க வராது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். செபம் மட்டும் கசந்து, டிவி நாடகம் இனித்தால் அது அவர் "இருண்ட இரவு" என்று சொல்கிற வறட்சி அல்ல.

புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள்

தேவாரம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கண்ணீரோடு வழிபடுவது புதிதல்ல. கத்தோலிக்க வீடுகளில் "கண்ணீர்க் கணவாய்" என்று தினமும் சொல்கிறோம். தவக்காலத்தில் பாடும், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை, கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் (1676–1742) எங்களுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனார். இவ்வளவு இருந்தும் தனிச் செபம் என்று வந்தால் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கிறோம்.

13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம்தான். முதலில் "எதுவரைக்கும்" என்று கேள்விக்குமேல் கேள்வி. அப்புறம், என்னைப் பாரும், பதில் சொல்லும் என்ற வேண்டுதல். கடைசியில் உம்மை நம்புகிறேன் என்ற வார்த்தை. அந்த வரிசையில் உங்கள் சொந்தப் புலம்பலை எழுதுங்கள், உங்கள் பேச்சிலேயே. கடைசிப் பகுதி வரவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள், பொய்யாக எழுத வேண்டாம். 88ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கை வரி இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, அதுவும் பைபிளில்தான் இருக்கிறது.

மகிழ்ச்சிக்கும் ஒழுங்கு வேண்டும்

எழுப்புதல் கூட்டத்தில் இரவு முழுக்கப் பாடிவிட்டு வந்து, விடியமுன் வேலையை விடப்போகிறேன், ஊழியத்துக்குப் போகப்போகிறேன் என்கிற தம்பிமாரைப் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சி உண்மையாகவே கடவுளிடமிருந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தச் சூடு ஆறுகிற நேரத்தில் நாம் போடுகிற திட்டங்கள் நம்முடையவை, அவற்றைத் தனியாகச் சோதித்துப் பார் என்று இஞ்ஞாசியார் சொல்கிறார். கிழமை போகட்டும். அம்மாவோடு பொறுமையாகப் பேசுகிறானா, கடனைக் கொடுக்கிறானா என்று பார்த்துவிட்டு ஊழியத்தைப் பற்றிப் பேசலாம்.

மெதடிஸ்த நண்பர்களுக்கு இதைச் சொல்ல அவர்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியே இருக்கிறார். 1738 மே 24ஆம் திகதி மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் இருதயம் அனல்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதே குறிப்பில் அடுத்து எழுதியிருப்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்திலேயே "இது விசுவாசமாக இருக்க முடியாது, உன் மகிழ்ச்சி எங்கே?" என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. சமாதானமும் பாவத்தின்மேல் வெற்றியும் விசுவாசத்தோடு சேர்ந்தவை, ஆனால் ஆரம்பத்தில் பொங்கும் மகிழ்ச்சியைக் கடவுள் சிலநேரம் தருவார், சிலநேரம் தரமாட்டார் என்று தெரிந்துகொண்டதாக எழுதுகிறார்.

எங்கள் கத்தோலிக்கரிடம் இருப்பது வேறு குறை. தவக்காலம் நாற்பது நாளும் மச்சம் (மீன், இறைச்சி) விட்டு, சிலுவைப்பாதை செய்து, பெரிய வெள்ளிக்கு வெயிலில் நின்று எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம். திருச்சபை பாஸ்கா காலத்துக்கு ஐம்பது நாள் வைத்திருக்கிறது, தவக்காலத்தைவிடக் கூட. ஆனால் உயிர்த்த ஞாயிறு மத்தியானம் பிரியாணியோடு நாங்கள் அதை முடித்துவிடுகிறோம். அந்த ஐம்பது நாளுக்கும் ஒரு பழக்கம் வையுங்கள்: தினம் ஒரு நன்றி, வாரம் ஒரு ஆளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, நீண்டநாள் பேசாத ஒருவருக்கு அழைப்பெடுப்பது. பவுல் பிலிப்பியருக்கு "சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதியது சிறையிலிருந்து. மனம் பொங்கினால்தான் மகிழ்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஓர் ஆளைப் பிடியுங்கள்

இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஆன்ம வழிகாட்டி குருவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு சிஸ்டர், ஒரு போதகர், நீண்டநாள் செபித்துப் பழகிய வயதான ஓர் அம்மா, யாராகவும் இருக்கலாம். இரகசியம் காப்பாரா, உங்களைவிடக் குறைவாகப் பேசுவாரா என்று பாருங்கள். உங்கள் கண்ணீரைக் கண்டதும் சாபம், பில்லிசூனியம் என்று தொடங்கிக் காணிக்கை கேட்கிறவராயிருந்தால் எழும்பி வந்துவிடுங்கள். அழுகையை உடனே நிறுத்தப் பார்க்கிறவரும் வேண்டாம்.

முதல் தரம் போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். முழுவதையும் வாசித்துக்காட்ட வேண்டியதில்லை. யாருக்கும் சொல்ல மனமில்லாத பக்கம் ஒன்று இருக்கும், அதிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம். மாதம் ஒரு முறை, ஒரு மணித்தியாலம் போதும். வரும்போது அடுத்த திகதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். "பிறகு பார்ப்பம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த தவக்காலம்வரை அந்தப் பக்கம் போகமாட்டீர்கள்.